மொட்டை மாடியில் ஜாம்

போன வாரம் கடற்கரைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு காபிக் கடை வாசலில் கரும்பலகை வைத்து, 'இன்று மாலை ஜாம், யாரும் வரலாம்' என்று கலர் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். அதற்காக நின்றிருக்க மாட்டேன். பக்கத்து பேக்கரியில் அப்போதுதான் ரொட்டி எடுத்திருப்பார்கள் போல, அந்த வாசனைதான் நிறுத்திவிட்டது. ஜாம் என்ற சொல்லும் ரொட்டி வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்கு என் பழைய ஹவுஸ் ஓனர் அம்மா ஞாபகம் வந்துவிடும்.

"மேல ஜாம் பண்றீங்களாமே? இன்னா பழம்?" என்று கேட்டவர் அவர். கேட்டதில் தப்பில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் பக்கத்து வீட்டு ஜோசபின் அக்கா கையில் நீள ரொட்டியோடு என் படியேறிப் போவதை அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

அப்போது நான் சேதராப்பட்டில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலியார்பேட்டையில் மாடி போர்ஷன். ஒரு அறையும் அதன் மூலையில் அடுப்பும்தான் வீடு. ஆனால் கதவைத் திறந்தால் மொட்டை மாடி முழுக்க எனக்கே எனக்கு. கல்யாணம் ஆகாதவனுக்கு அது அரண்மனை. எனக்கு மவுத் ஆர்கன் வாசிக்க வரும் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். ஊதினாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும் என்பதால் அந்த வாத்தியம் யாருக்கும் தன்னம்பிக்கை கொடுத்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜோசபின் அக்கா, "தம்பி, அது இன்னா பாட்டு?" என்றார்.

"பாட்டு இல்லக்கா. சும்மா வந்தது."

"அப்ப நிறுத்தாத. கிட்டார் எடுத்துக்கினு வரேன்."

அக்காவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அக்கா வீட்டில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பார். "அங்க எல்லாம் எழுதி வச்ச பாட்டு தம்பி. சும்மா வர்றத வாசிக்க எனக்கு எடமே இல்ல" என்றார். அந்த ஏக்கத்தை அன்றைக்கு என் மாடியில் இறக்கி வைத்தவர், அடுத்த சனிக்கிழமை ரொட்டியோடு வந்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் நாலு பேர்.

சினிமாப் பாட்டு கிடையாது. யாராவது ஒருவர் ஒரு சத்தத்தைத் தொடங்குவார், மற்றவர்கள் அதில் கலந்துகொள்வார்கள், அது எங்கே போகிறதோ அங்கே போகும். அதற்குத்தான் ஜாம் என்று பெயர். "அலோன்!" என்பார் அக்கா. போகலாம் என்று அர்த்தம். வாசிக்கத் தெரியுமா என்று யாரையும் கேட்கக் கூடாது என்பதும் அக்கா போட்ட சட்டம்தான். அந்தச் சட்டத்தால் முதலில் பிழைத்தவன் நான். ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை, அவர் சீரியல் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் சங்கீதத்துக்கு எல்லை வகுத்தது அந்த சீரியல்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஆறுமுகம் அண்ணன் வந்தார். எதிர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். மில்லில் தறி ஓட்டியவர், மில் மூடிய பிறகு இந்த வேலை. உறையில் போட்ட டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்து, "அங்கேருந்து பாத்தேன். நல்லாருந்துச்சி" என்று உரக்கச் சொன்னார். பாத்தேன் என்றதை நான் அப்போது கவனிக்கவில்லை. டீ கொடுத்து உட்கார வைத்தோம்.

தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பெரும்பாலும் போயிருந்தது. எங்கள் கைகளைப் பார்த்து, அதற்கேற்ப அடிப்பார். பார்த்து அடிப்பதால் எப்போதும் ஒரு துளி பிந்தித்தான் விழும். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பிந்தவே பிந்தாது.

இது பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. பிரபு என் கம்பெனிதான், கீபோர்டு. எங்களில் முறையாக வாசிக்கப் படித்தவன் என்று சொல்ல அவன் ஒருவன்தான் இருந்தான். பீச் ரோட்டில் ஒரு ஓட்டலில் எங்களை ஞாயிறு சாயங்காலம் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று குதியாகக் குதித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து கண்ட கனவு.

"அண்ணன வச்சிக்கினு அங்க போக முடியாது. இங்கியும் இனிமே ரிகர்சல்தான். நீதான் அவருகிட்ட சொல்லணும். உன் வீடுதான?"

எனக்கும் ஓட்டல் மேடை ஆசை கொஞ்சம் இருந்தது. மவுத் ஆர்கன்காரனுக்கு இருக்கக் கூடாதா என்ன? சனிக்கிழமை காலையில் உப்பளம் பகுதியில் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. கதவைத் திறந்தவர் அவர் மனைவி விஜயா அக்கா. அண்ணன் பின்பக்கம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சனிக்கிழமைன்னா காலையிலேயே ஆரம்பிச்சிடுவாரு" என்று சிரித்தார் விஜயா அக்கா. நாற்காலி போட்டார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "மில்லு மூடினப்புறம் இவரு யாரு வூட்டுக்கும் போறதில்ல தம்பி. கல்யாணம் காட்சிக்குக் கூட வரமாட்டாரு. நாலு பேரு பேசுற எடத்துல ஒண்ணுமே வெளங்காது இல்ல? எல்லாரும் சிரிச்சா சேந்து சிரிச்சி வைப்பாரு, எதுக்குன்னு தெரியாது. அப்புறம் அதுவும் வெக்கமா போச்சி. உங்க வூட்டுக்கு மட்டுந்தான் கெளம்புறாரு."

அண்ணன் கன்னத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, இன்னிக்கு உண்டுதான?"

உண்டு என்று தலையாட்டினேன். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் மாடிக்கு வந்த பிரபுவிடம் முடியாது என்று சொன்னேன். "அப்ப நீங்க காலம் பூரா இப்டியே தட்டிக்கினு இருங்க" என்று கீபோர்டைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவனோடு வாசிக்கத் தெரிந்த இன்னும் ரெண்டு பேர் போனார்கள். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டை விட்டுவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கினான். அது எனக்கு வலித்தது.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறுமுகம் அண்ணன் வந்து சுற்றும் முற்றும் பார்த்தார். "பொட்டி வாசிக்கிற தம்பி எங்க?" அக்கா குனிந்து கிட்டார் கம்பியை முறுக்கினார். காது கேட்காதவருக்கு முகம் நன்றாகப் படிக்க வரும். டோலக்கை உறையிலிருந்து எடுக்காமல் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நீங்க வாசிங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரலில்.

வாசித்தோம். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. பாதியில் அக்கா கிட்டாரை நிறுத்தினார். நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். உறையை அவரே கழற்றி டோலக்கை அண்ணன் மடியில் வைத்தார். தன் வாயைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க ஆரம்பிங்க. நாங்க பின்னாடி வரோம்" என்றார்.

அண்ணன் கொஞ்ச நேரம் தோலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அடித்தார். வேகமும் இல்லை, வித்தையும் இல்லை. தறி ஓடுகிற மாதிரி ஒரே சீரான அடி. மெல்ல அக்காவின் கிட்டார் அதன்மேல் ஏறியது. நான் பயந்து பயந்து ஊதினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அண்ணன் பிந்தவே இல்லை. அவர் முன்னால் போகிறார், நாங்கள் பின்னால் போகிறோம். பிந்துவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? இத்தனை நாளாக இது ஏன் எங்கள் மண்டையில் ஏறவில்லை என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கன்னம் நனைந்திருந்தது.

முடித்ததும் படிக்கட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா நின்றிருந்தார். "இன்னிக்குத்தான் கேக்கற மாதிரி இருந்துச்சி" என்றார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. அக்கா அவர் காதருகே போய்க் கத்திச் சொன்னார். அண்ணன் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தார்.

பிரபு அந்தப் பொங்கலுக்கு வந்தான், கீபோர்டு இல்லாமல். ஓட்டலில் ஜனம் சாப்பிடுகிற சத்தத்தில் வாசிப்பது யாருக்கும் கேட்பதில்லை என்று மட்டும் சொன்னான். கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஞாயிறு அங்கே, சனி இங்கே என்று பொட்டியோடும் வரத் தொடங்கினான். "அண்ணா, ஆரம்பிங்க" என்று அண்ணன் முழங்காலைத் தட்டிச் சொல்வது அவன் வேலையாகிவிட்டது. பஸ்ஸில் பழைய சீட்டுக்கு எப்போது திரும்பினான் என்று ஞாபகமில்லை.

சில வருஷம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் ஆறுமுகம் அண்ணன் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வழக்கம்போல மாடிக்கு வந்துவிட்டோம். அக்கா கிட்டாரை மடியில் வைத்திருந்தார். பிரபு கீபோர்டை ஆன் செய்திருந்தான். யாராவது ஆரம்பிப்பார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனோம்.

ஜோசபின் அக்கா இப்போது பிரான்சில் மகனோடு இருக்கிறார். பிரபுவுக்குப் பேரன் பிறந்துவிட்டான். அந்த மாடியில் ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு மேலே கூரை, சுற்றிலும் சுவர், ஜன்னலில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை காய்கிறது. தெருவில் எல்லா வீடும் இப்படி உயர்ந்துவிட்டது. வானம் பார்த்து நாலு பேர் சும்மா உட்கார அங்கே ஒரு மாடிகூட மிச்சமில்லை.