சாவி மீஞ்சூருக்குப் போன நாள்

‘முடிவு உங்களுடையது’ என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே இருக்கும் மீனவ கிராமங்களுக்கு வளர்ச்சி நிதி தரும் ஓர் அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளர் வேலை. எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது, யார் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் ஊரே தீர்மானிக்க வேண்டும். நாங்கள் குறுக்கே பேசக் கூடாது. நான் வடசென்னைக் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார், அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்த ஊரில் பெண்கள் கழிப்பறை கேட்டார்கள். ஆண்களும் அதிசயமாக ஒத்துக்கொண்டார்கள். வலைக்கூடத்துக்குப் பின்னால் நல்ல கட்டடமாகவே கட்டி, வெளியே ஒரு கம்பிக் கதவும் போட்டார்கள். பராமரிப்பு யார் என்ற பேச்சு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

கழிமுகத்தில் நல்ல மீன் படும் இடத்துக்கு அங்கே ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த வீடு வலை போட்டால் நாளைக்கு அடுத்த வீடு என்று சுற்றி வரும். அதைப் பாடு என்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. நானே எத்தனையோ கூட்டங்களில் அதைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். கழிப்பறைச் சாவிக்கும் அதே பாடு முறையை வைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் சாவி இருக்கும், அந்த வீடு கழுவி விடும். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் மீன் விற்கப் போகிறவர்கள். சாவிக்காரி அதை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஷேர் ஆட்டோவில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் திரும்பும் வரை கதவு பூட்டியே கிடக்கும். இன்னொரு சாவி செய்துகொள்ளலாமே என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஒரு பாட்டுல ரெண்டு வலை வுடுவாங்களா?” என்றார் ஊர்த் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நானும் தலையாட்டினேன்.

அந்தச் சாவி ஒரு வீட்டுக்கு மட்டும் வராது. கழிப்பறைக்கு அடுத்த வீடு. புருஷனைக் கடலில் பறிகொடுத்த, பிள்ளை இல்லாத ஓர் அக்கா அதில் தனியாக இருந்தார். கல்யாணமான ஆண் இருந்தால்தான் அந்த ஊரில் ஒரு வீடு தலைக்கட்டு. ஊர் வரி, பங்கு, பாடு எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். சாவி வராததைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது தண்ணீர். லாரி வரும் நாளில் குடங்களோடு முண்டியடித்தே முட்டி தேய்ந்துபோயிருந்தது.

“அடுத்தது கொயாதானே மா? என் வூட்டாண்டயும் வரும்ல?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

குழாய்க்கு நிதி வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் கட்டியதை ஊரே ஒழுங்காகப் பயன்படுத்துகிறது என்று நிதி தருபவர்கள் நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும்.

அவர்கள் வரும் நாளில் நான் விடிந்ததும் போய்விட்டேன். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியாகிவிட்டது என்றார் தலைவர். பையையும் போனையும் அவர் வீட்டில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். உள்ளே இருக்கும்போது ஷேர் ஆட்டோவின் ஹாரன் கேட்டது. யாரோ ஓடி வந்தார்கள். கம்பிக் கதவை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. பழக்கதோஷம். நான் கத்தி முடிப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது.

நான் நிதி வாங்கிக் கொடுத்த கழிப்பறைக்குள் நானே மாட்டிக்கொண்டேன். பினாயில் நெடி, மேலே தகரச் சூடு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார்.

“அய்ய, உள்ள கீறியா? பூட்டிக்கினு பூட்டாளா அவ?” என்று தலையில் கை வைத்தார். கல் எடுத்துப் பூட்டை உடைக்கச் சொன்னேன். அதற்குள் ஊர் முனையில் கார் வந்து நின்றது. டோல்கேட்டில் என்றைக்கும் இருக்கும் நெரிசல் அன்றைக்குப் பார்த்து இல்லாமல் போய்விட்டது போல. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

“கம்முனு உள்ள போ. பாத்தாங்கன்னா கொயா பூடும்,” என்றார் அக்கா. நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று வந்தவர் கேட்பது காதில் விழுந்தது. கூட்டத்தில் அத்தனை பேசும் தலைவர் ‘அது வந்து சார்’ என்று இழுத்தார். அக்காதான் பேசினார்.

“இப்பதான் கய்வி வுட்டேன் சார். காயட்டும்னு பூட்டி கீது.”

“எல்லாரும் பயன்படுத்துறீங்களா?”

“இன்னா சார் இப்டி கேக்குற? எப்பவும் தொறந்துதான் கீது.”

ஒருங்கிணைப்பாளர் எங்கே என்றதற்கு, பக்கத்து ஊரில் கூட்டம், போய்விட்டார் என்றார். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் ஆள் இல்லாமலே ஊர் தன்னைப் பார்த்துக்கொள்கிறது என்று என்னை வாயாரப் பாராட்டினார்கள். வேர்த்து ஒழுக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகும் ஊர்ப் பூட்டை உடைக்கத் தலைவர் ஒப்பவில்லை. மீஞ்சூரிலிருந்து சாவி வந்து சேர மதியமாகிவிட்டது. வெளியே வந்ததும் அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். உங்களைப் பாடு முறையில் சேர்க்காத ஊருக்காக ஏன் இவ்வளவு பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஊருக்கா சொன்னேன்? எனக்குத் தண்ணி வோணும்.”

குழாய் வந்தது. எந்தெந்த வீட்டுக்கு என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். தலைக்கட்டுக்கு ஒரு குழாய் என்றார்கள். அக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. “அந்த அக்காவுக்கு?” என்று எழுந்து கேட்டேவிட்டேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். “வரி கட்டாத வூட்டுக்குப் பங்கு இல்ல மேடம். இத்த குடுத்தா நாளைக்கு பாட்டுலயும் கேப்பாங்க. அப்பால ஊரு ஒடஞ்சி பூடும்.” அலுவலகத்தில் முறையிட்டேன். ஊர் முடிவில் தலையிடுவது நம் கொள்கைக்கு விரோதம் என்றார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போன நாட்கள் உண்டு. ஆனால் எனக்குப் பதில் வருகிறவளும் ‘முடிவு உங்களுடையது’ என்றுதான் சொல்லப்போகிறாள். எங்கள் வீட்டு வாடகையும் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

போன மாதம் அந்த ஊருக்குப் போனேன். குழாய் வந்த ஊருக்கு லாரி எதற்கு என்று நிறுத்திவிட்டார்களாம். அக்கா பக்கத்து வீட்டு வாசலில் குடங்களை வைத்துவிட்டு, அந்த வீட்டு மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். முடித்தால் தண்ணீர் தருவார்கள்.

“லாரிக்காரன்னா சண்ட போட்டு வாங்கிடுவேன் மா,” என்றார். “இவங்க கையில சண்ட போட்டா ஊர்ல இருக்க முடியுமா? இப்ப நான் யார் கையில சண்ட போடறது?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நம்பி, அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.