‘காணவில்லை’ என்றொரு பக்கம்

இணையதளத்துக்கு எழுதுகிற வேலையில் எழுதும் நேரம் கொஞ்சம். எழுதியது எங்கே போயிற்று என்று தேடும் நேரமே அதிகம். இதில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள், “பழைய தளத்தைப் புதுசுக்கு மாத்திடலாம்” என்று உங்கள் அலுவலகத்தில் எவராவது சொல்லும் நாளில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் தொண்டு நிறுவனம் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவுவது எங்கள் பணி. நான் கடிதமும் அறிக்கையும் எழுதுகிறவள். கல்லூரியில் தமிழ் படித்தவள் என்ற ஒரே தகுதிக்காக, அறுபத்தெட்டு வயதில் இணையதளமும் என் தலையில் விழுந்தது. தொழில்நுட்பமெல்லாம் சாதிக்கின் பொறுப்பு. அப்பாவின் இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறையில் கணினி வைத்து இணையதளங்கள் செய்து தருகிறார்.

புரியாத மொழி

சாதிக் அனுப்பிய மாதிரியைத் திறந்தோம். மேலே மலையும் மேகமும். கீழே நாலு பத்தி ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கியது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருந்தது, யாரோ கோயிலில் முணுமுணுப்பதைப் போல. பொருள் மட்டும் பிடிபடவில்லை. எங்கள் செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, “நம்ம மலைக்காரங்களப் பத்தி இன்னா எழுதியிருக்காரு?” என்றார்.

சாதிக்கைப் போனில் பிடித்தோம். “அதுக்கு அர்த்தமே கெடயாதுங்கம்மா. நீங்க எழுதிக் குடுக்கற வரைக்கும் எடத்த அடைக்கறதுக்கு” என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அதுக்கு நம்ம ஆண்டறிக்கையவே போட்டிருக்கலாமே.”

சின்னப்பொண்ணு பார்க்க வரும் படம்

பழைய தளத்தில் ‘காணவில்லை’ என்று ஒரு பக்கம் உண்டு. வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன ஆறு பேரின் படங்கள் அதில் இருந்தன. மூன்றாவது படம் வெள்ளையன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். இரண்டு வருடமாகப் பேச்சு மூச்சில்லை. அவன் அம்மா சின்னப்பொண்ணு மாதம் ஒரு முறை வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வருவார். களப்பணியாளர் செல்வியின் போனில் அந்தப் படத்தைப் பார்ப்பார், போய்விடுவார். வீட்டிலிருந்த படம் கூரை ஒழுகி ஊறிப்போயிற்று. நாங்கள் வைத்திருந்த நகல் பழைய கணினியோடு எடைக்குப் போய்விட்டது. அவன் முகம் இருந்த ஒரே இடம் அந்தப் பக்கம்தான்.

சின்னப்பொண்ணுவுக்கு யாராக இருந்தாலும் ‘நீ’தான். ஒரு நாள் என்னிடம், “இதுல எல்லாரும் பாப்பாங்களா?” என்று கேட்டார். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்றேன். “அப்ப அவனும் பாப்பான். ஆத்தா தேடறான்னு தெரியட்டும். எடுத்துடாத.”

தாய்ப் பக்கம்

புதுத் தளத்தில் பக்கங்களை ஏற்றும் மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாய்ப் பக்கம் சொல்ல வேண்டும். எதன் அடியில் எது வரும் என்பதற்காக. சொல்லாவிட்டால் ‘தாய் இல்லை’ என்று தானே எழுதிக்கொள்ளும். அதைப் பார்க்கச் சகிக்காமல், எல்லாப் பக்கத்துக்கும் கைக்கு வந்த தாயைக் கொடுத்துக்கொண்டே போனேன். ‘சேமி’ என்பதை அழுத்தினால் ஊருக்கே தெரியும் என்று நம்பினேன். ‘வெளியிடு’ என்று இன்னொன்று இருப்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நான் எழுதியதெல்லாம் எனக்கு மட்டுமே தெரிந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் செல்வி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். “மேடம், மருத்துவ உதவின்னு தொட்டா, மொதல்ல நன்கொடைக்குப் போயிட்டுத்தான் வருது. அசல் தனியார் ஆஸ்பத்திரி தோத்துது போங்க!”

ஒரு கையெழுத்து

பழைய தளத்திலிருந்து எவற்றைக் கொண்டுபோவது, எவற்றை விடுவது என்று சாதிக் ஒரு பட்டியல் தயாரித்தார். தலைப்புகள் மட்டும், வரிசையாக. விட வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார். ‘காணவில்லை’ என்பதற்கு நேரே, ‘எரர் பேஜ், வேண்டாம்.’ தேடிய பக்கம் அகப்படாதபோது ‘காணவில்லை’ என்று ஓர் அறிவிப்பு வரும் என்று முந்தின நாள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் படித்தேன். கற்றுக்கொண்ட புதுப் பாடம் நினைவிருந்தது. பழைய ஆறு முகங்கள் நினைவுக்கு வரவில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும் என்பதைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவள் நான். கையெழுத்துப் போட்டேன்.

சாதிக் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். “இவ்ளோ சீக்கிரமா யாரும் பாத்துக் குடுத்ததே இல்லைங்கம்மா.”

சுண்டெலிப் படம்

புதுத் தளம் திறந்த வாரத்திலேயே சின்னப்பொண்ணு வந்தார். கையில் ஒரு பை கடுக்காய், எங்களுக்கு. செல்வி வழக்கமான முகவரியைத் தட்டினாள். வெள்ளைத் திரையில் பூதக்கண்ணாடி பிடித்த ஒரு சுண்டெலி. அடியில், ‘நீங்கள் தேடும் பக்கத்தைக் காணவில்லை.’ செல்வி என்னைப் பார்த்தாள். எனக்குப் பட்டியல் நினைவுக்கு வந்தது.

சாதிக்குக்குப் போன் போட்டோம். பழைய தளத்தை வைத்திருந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். கணக்கை முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத சின்னப்பொண்ணு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்டெலியின் மேல் விரலை வைத்தார். “இது யாரு வூட்டுப் புள்ள?”

ஆணி டப்பா

மூன்று நாள் நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. சாதிக் தன் பங்குக்கு எல்லா இடத்திலும் தேடினார். வேலை தொடங்கும்போது பழைய தளத்தின் நகல் ஒன்றை பென் டிரைவில் எடுத்ததாக ஞாபகம் இருந்தது. பென் டிரைவ் எங்கே என்பதுதான் ஞாபகம் இல்லை. நாலாம் நாள் அது கீழே கடையில் கிடைத்தது, ஆணி டப்பாவுக்குள். சாதிக்கின் அப்பாவே கொண்டுவந்து கொடுத்தார். “ரெண்டு இஞ்ச் ஆணி எடை போட்டுகினு இருந்தேங்க. இது தட்டுல வுழுந்துது. எடை ஜாஸ்தி காட்டுச்சேன்னு பாத்தேன்.”

ஆறு படங்களும் இருந்தன. ஆனால் பெரிய படங்கள் பழுதாகிவிட்டன; ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஒரு பிரதி மட்டும் திறந்தது. பெரிதாக்கினால் முகம் கலைந்தது. அப்படியே சின்னதாக ஏற்றினோம். பக்கத்தின் பெயரை ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று மாற்றினேன். செல்வி மலைக்குத் தகவல் சொல்ல, சின்னப்பொண்ணு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். படம் சின்னதாகிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் தள்ளி நிக்கறான். நிக்கட்டும்.”

பார்க்க முடியாதவர்களுக்கு

படத்தை ஏற்றும்போது அந்த மென்பொருள் ஒரு கட்டத்தைக் காட்டி, படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்கிறது. பார்வையில்லாதவர்களுக்குக் கணினி அதை வாசித்துக் காட்டுமாம். மற்ற ஐந்து பேருக்கும் எழுதிவிட்டேன்: வயது, சட்டை, மீசை. வெள்ளையனுக்கு எழுதப்போனபோது சின்னப்பொண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ‘கட்டம் போட்ட சட்டை அணிந்த இளைஞர், இறுகிய முகம்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “அடிச்சுடு அத. போட்டோ புடிக்கறவன் அசையாதன்னு சொன்னான், அதான் மொறச்சிகினு இருக்கான். நெசத்துல சிரிச்ச மொகம். கண்ணு தெரியாதவங்களுக்குத்தான இது? அவங்களுக்காச்சும் சரியா சொல்லு.”

‘நெசத்துல சிரிச்ச மொகம்’ என்று அவர் சொன்னதை அப்படியே தட்டி, ‘வெளியிடு’ என்பதை மறக்காமல் அழுத்தினேன். இத்தனை குழப்பத்துக்குப் பிறகு அந்தத் தளத்தில் திருத்தம் தேவைப்படாமல் நிற்கும் ஒரே வரி, நான் எழுதாததுதான்.