வீட்டுக் கத்தி

சந்திக் கடையில் வாங்கிய புதுக் கத்தி கத்தரிக்காயை நேராக வெட்டியதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டுக் கத்தி ஒருநாளும் நேராகப் போனதில்லை. "கைவாகு இல்லாத புள்ள" என்று அம்மாவிடம் ஏச்சு வாங்கியே வளர்ந்தவள் நான்.

எங்கள் ஊரான பழுகாமத்தில், வீட்டுச் சமையல் குசினிக்குப் பின்னால், இப்போது தம்பியின் கார் நிற்கிற இடத்தில், அப்பாவின் கிடுகு வேய்ந்த கொல்லுப் பட்டறை இருந்தது. சிரட்டைக்கரி புகைய, துருத்தி மூச்சிரைக்க, குறடுகள் வலப்பக்கம் தொங்க, சுத்தியல்கள் இடப்பக்கம் கிடக்கும், ஏனென்றால் அப்பா இடக்கைக்காரர். வயல் வட்டையிலிருந்து வருகிறவர்களைக் கையை வீசிக் காட்டச் சொல்லி, அவரவர் கைக்கு ஏற்றபடி கத்தி தீட்டிக் கொடுத்த மனிதர், வீட்டுக் கத்தியை மட்டும் தானே பிடித்துப் பார்த்து, தன் இடக்கைக்கு ஏற்றபடி ஒருபக்கமாகத் தீட்டி வைத்திருக்கிறார் என்று இப்போதுதான் விளங்கியது. வலக்கையால் வெட்டினால் அது கோணாமல் என்ன செய்யும்? அவர் செத்தபின் தம்பி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அந்த வீட்டுக் கத்தி மட்டும் என்னோடு வந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் இதைச் சொல்லிக் கத்தினேன்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றார். "சொன்னா மனிசன் மனம் நோகும் எண்டு நான் கைய வளைச்சிப் பழகிட்டன்."

"அப்ப எனக்கு ஏன் ஏசினீங்க?"

அம்மா என் கையிலிருந்து புதுக் கத்தியை வாங்கி வெட்டினார். துண்டு கோணிப் போனது.

"கூடாத கத்தி," என்று தள்ளி வைத்தார். "அப்பாட கத்திய எடுத்துத் தா, புள்ள."