வலக்கைக்கு எட்டிய பெட்டிகள்

ஐலி கங்காஸ் இருபத்தாறு வருடமாகத் தபால் போடுகிறவள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஏரியை ஒட்டிய காட்டுச் சாலைகளில், வீட்டுக்கு ஒன்றாகச் சாலையோரம் கம்பத்தில் நட்ட நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள் அவள் பொறுப்பு. அவளுடைய லைனுக்கு அரசாங்க வண்டி கிடையாது, சொந்தக் கார்தான். பெட்டிகள் சாலையின் வலப்புறம். ஸ்டீயரிங்கோ காரின் இடப்புறம். அதனால் அவள் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, வலக்கையால் தபால் போடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது சர்க்கஸ். அவளுக்குப் பிழைப்பு.

அந்தச் சர்க்கஸுக்கு எட்டு வருடம் ஈடுகொடுத்தது ஒரு டீசல் கார். எந்தப் பனியிலும் நடுவழியில் நின்றதில்லை. அதைச் செய்த கம்பெனிதான் புகைப் பரிசோதனையில் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டது. சோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளையாக இருந்த எஞ்சின், சாலைக்கு வந்ததும் நச்சுப்புகை கக்கியிருக்கிறது. விற்ற வண்டிகளைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று கடிதம் வந்தது. ஐலி அதைத் தன் கையாலேயே தன் வீட்டுப் பெட்டியில் போட்டாள்.

"நானூத்திப் பன்னெண்டு வாசல்லயும் அந்தப் புகையை விட்டுட்டு வந்திருக்கேனே, ரெய்னோ," என்று கணவனிடம் புலம்பினாள்.

மர மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெய்னோ கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். கம்பெனி தருவதாகச் சொன்ன தொகையைப் பார்த்ததும் புருவம் மேலே போனது. "இவ்வளவு ஓடின வண்டிக்கு இவ்வளவா? என்னையும் எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாரேன்."

"தானே ஓடி வரணும்னு போட்டிருக்கான். நீ தேற மாட்டே."

நிபந்தனை அது ஒன்றுதான். ஒப்படைக்கும் நாளன்று ஐலி காரைக் கழுவித் துடைத்து, தொண்ணூறு மைல் தள்ளியிருந்த ஷோரூமுக்குக் கிளம்பினாள். பின்னால் ரெய்னோ தன் பிக்கப் வண்டியில் வந்தார். பாதி வழியில் காட்டுக்குள்ளிருந்து ஒரு மான் துள்ளி வந்து முன்பக்கம் இடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எதிர்ப்பக்கம் ஓடி மறைந்தது. பம்பர் கழன்று சாலையில் கிடந்தது. ஐலிக்கு அழுகை வந்தது. ரெய்னோ பம்பரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார். "எஞ்சினைப் போடு," என்றார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

ஷோரூமில் கம்பெனி ஆள் பின்சீட்டை எட்டிப் பார்த்தான். "ஓட்டிட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அப்பப் போதும், மேடம். கையெழுத்துப் போடுங்க."

மூன்று மாதமாகப் படிவம் படிவமாக எழுதிய வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. உடனே ஒரு விற்பனைக்காரன் அவளைப் பளபளக்கும் புது வண்டி ஒன்றுக்கு அழைத்துப் போனான். ஐலி நேராக வலப்பக்கம் ஏறி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

"மேடம், ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும் தம்பி. நான் பெட்டி உயரம் பாக்கறேன்." பிறகு இடது காலை நீட்டினாள். நடுவில் பெரிய பெட்டி போல ஒரு மேடு. கால் பிரேக் வரை போகவில்லை. மீண்டும் முயன்றதில் முழங்கால் ரேடியோ பொத்தானில் இடித்து, பாட்டு அலறியது. விற்பனைக்காரன் பயந்து இரண்டடி பின்வாங்கினான். வீடு வரைக்கும் ரெய்னோ சிரித்துக்கொண்டே வந்தார்.

பத்து நாள் பிக்கப்பில் தபால் போட்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த உயரமான வண்டியின் ஜன்னலிலிருந்து கிணற்றுக்குள் குனிகிற மாதிரி குனிய வேண்டியிருந்தது. அப்போதுதான் தபால்காரர் சங்கப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: வலப்பக்க ஸ்டீயரிங் ஜீப், தபாலுக்கென்றே செய்தது.

விற்கிறவர் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் இருந்த வெர்லின் ஸ்டோல்ட்ஸ். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்பது. ஐலியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. வேட்டைக்குப் போகணுமாம். முடியாதுன்னுட்டேன். நீ நெசமாவே தபால்காரிதானா? என் பழைய லைன்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டு."

ஐலி ஏறினாள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவளுடைய இரண்டு கால்களும் நேராக இருந்தன. முதல் பெட்டியருகே வண்டியை நிறுத்திக் கையை நீட்டினாள். பெட்டியின் மூடி உள்ளங்கைக்கு வந்து நின்றது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை.

"நானும் முதல் நாள் இப்படித்தாம்மா சிரிச்சேன்," என்றார் வெர்லின். "சாவி உன்னோடது."

திங்கட்கிழமை லைன் முழுக்க ஒரே கொண்டாட்டம். வாசலுக்கு வந்து பார்த்தவர்கள் பலர். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியைச் சுடச்சுட நீட்டியவர்கள் இரண்டு பேர். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெய்னோவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். ஸ்டீயரிங் இல்லாத இடப்பக்க சீட்டில் உட்கார்ந்த ரெய்னோ, ஒவ்வொரு வளைவிலும் காற்றில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"நல்லா மிதி," என்றாள் ஐலி. "வண்டி நிக்கறப்ப சொல்றேன்."