குளத்துக் கரையில் மங்கின லைட்டு

நான் இந்த பேய் பிசாசு சமாச்சாரத்த எல்லாம் நம்புற ஆளு இல்லண்ணே, அத முதல்லயே சொல்லிருதேன், ஏன்னா இத கேட்டுட்டு நீங்க வெளிய போயி நம்ம கருங்கல் ஊரு சந்தையில ஸ்டீபனுக்கு கிறுக்கு பிடிச்சிட்டுன்னு சொல்லப்பிடாது. எனக்க அம்மை, இருட்டிப் போச்சுன்னா ஜெபம் பண்ணாம வாசல் தாண்ட மாட்டா, நான் அவள கேலி பண்ணி களியாக்கியே வளந்தவன். எனக்கு தெரிஞ்சது கரண்டு. பிளஸ் உண்டு, மைனஸ் உண்டு, ரெண்டுக்கும் நடுவுல வயர் அறுந்தா லைட்டு எரியாது. இதுல பேய்க்கு எங்க எடம்? அப்படி நெனச்சிட்டு இருந்தவன்தான். உங்க பேட்டரி சார்ஜ் ஏற இன்னும் நேரம் ஆகும், உக்காருங்க, சொல்லுதேன்.

நான் ஷார்ஜாவுல கொஞ்ச வருஷம் வண்டி எலக்ட்ரீஷியனா இருந்துட்டு வந்து இந்தக் கடைய போட்ட புதுசு. செல்போன்ல டார்ச்சு வந்து எல்லாவனும் ராத்திரி அத அடிச்சிட்டு நடந்த காலம்னு வச்சுக்கிடுங்க. ஞானதாஸ் சார்னு ஒருத்தரு, மிஷன் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வெள்ளக் கலர்ல ஒரு கார் வச்சிருந்தாரு. ஷோரூம்ல புதுசா எடுத்த வண்டி, அவரத் தவிர வேற யாரும் ஸ்டியரிங்க தொட்டதில்ல, பிள்ளைய வளக்குற மாதிரி வச்சிருந்தாரு. அவரு வந்து, "ஸ்டீபா, ராத்திரி ஹெட்லைட்டு மங்குது மக்கா, என்னன்னு பாரு"ன்னாரு.

இது தினமும் வாற கம்ப்ளெயிண்ட்தான. நான் எல்லாருக்கும் சொல்லுறதுதான் உங்களுக்கும் சொல்லுதேன், ஆக்சிலேட்டர் குடுக்கும்ப வெளிச்சம் கூடி, விடும்ப குறஞ்சுதுன்னா பெல்ட்டு லூசு, இல்ல ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தல. ஒரு பக்கம் மட்டும் மங்குச்சுன்னா அந்தப் பக்கத்து எர்த்து. ரெண்டும் மங்கி, காலையில செல்ஃப் எடுக்கவும் முக்குச்சுன்னா பேட்டரி. சாருக்க வண்டியில டெர்மினல் ரெண்டும் வெள்ளையா பூத்துப் போயி இருந்துச்சு. வெந்நி ஊத்தி கழுவி, உப்புத்தாள் போட்டு தேச்சு, முறுக்கி, மேல வாசலின் தடவினேன். ரெண்டு செல்லுல தண்ணி குறவா இருந்துச்சு, டிஸ்டில் வாட்டர் ஊத்தி லெவல் பண்ணினேன். பெல்ட்ட இழுத்து வச்சேன். போட்டு பாத்தா பகல்லயே கண்ணு கூசுது.

அடுத்த வாரமே சார் திரும்பி வந்துட்டாரு. மங்குதாம். எர்த்து வயர மாத்தினேன், பல்ப மாத்தினேன், என்னோட புது பேட்டரி ஒண்ண வச்சு குடுத்தேன், திரும்பவும் வந்தாரு. எனக்கு தொழில்ல அவமானமா போச்சு. அப்பதான் கேட்டேன், "சார், எப்ப மங்குது, எந்த ரோட்டுல மங்குது, கொஞ்சம் ஓர்மையா சொல்லுங்க"ன்னு. மனுசன் யோசிச்சாரு. யோசிச்சிட்டு, "எங்கனயும் இல்லடே, அந்தக் குளத்துக் கரையில மட்டும்தான்"னாரு.

தேங்காப்பட்டணம் போற வழியில உள்ள ஒரு குளம். பேரு சொல்ல மாட்டேன், அங்க ஆளுக குடியிருக்காங்க. ரோடு குளத்துக் கரை மேலயே போவும். ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் பள்ளத்துல வாழையும் மரச்சீனிக் கிழங்கும். தடுப்புச் செவரு எல்லாம் அப்ப கெடையாது. கரையில மேடு பள்ளம் கூடுதல், ஏதோ வயரு குலுங்கி லூசாவுதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். "நானும் கூட வாறேன் சார், நேர்ல பாத்துருவோம்"னேன்.

ஐப்பசி மாசம், மழை நசநசன்னு பெய்யுது, வெளக்கு வைக்கிற நேரம் ஆனதும் பொறப்பட்டோம். சார் ஓட்டுதாரு, நான் பக்கத்து சீட்டுல. பின்னால ஆரும் இல்ல, பின் சீட்டுல எனக்க டூல்ஸ் பை மட்டும் கெடக்கு. பேட்டரியில இருந்து நீள வயர் ரெண்டு இழுத்து மீட்டர மடியில வச்சிருக்கேன், வோல்ட்டு குறஞ்சா உடனே தெரியும். போற வழி பூரா சார் எனக்கு பேட்டரிய பத்தி கேள்வியா கேட்டுட்டு வாறாரு, வண்டி ஓடாம கெடந்தா என்ன செய்யணும், எத்தன நாளைக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணணும், நானும் பதில் சொல்லிட்டு வாறேன். லைட்டு பளிச்சுன்னு இருக்கு. மழைத்துளி ஒவ்வொண்ணும் வெளிச்சத்துல தெறிக்கிறது தெரியுது.

குளத்துக் கரையில ஏறினோம். பாதி தூரம் போயிருப்போம்.

"பாத்தியா, பாத்தியா"ன்னாரு சார்.

வெள்ள வெளிச்சம் மஞ்சளாச்சு. நான் மீட்டர பாக்கேன், முள்ளு அசையல அண்ணே. சத்தியமா சொல்லுதேன், பேட்டரியில வோல்ட்டு அப்படியே நிக்கி, லைட்டு மட்டும் எறங்குது. மஞ்சள்ல இருந்து ஒரு மாதிரி பச்சையா, பாசி பிடிச்ச கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா வருமே, அந்தக் கலரு. "நிறுத்துங்க சார், ஓடிட்டு இருக்கும்பவே பானட்ட தொறந்து பாக்கணும்"னேன். அவரு பிரேக்க மிதிச்சு நிறுத்தினாரு. நான் கதவுல கைய வச்சேன்.

தொறக்கல.

லாக்கு விழல, குமிழு மேலதான் நிக்கி. கைப்பிடி இழுபடுது, கதவு ஒரு நூலு அளவுக்கு வெளிய போவுது, அப்புறம் வெளிய இருந்து ஆரோ நெஞ்ச குடுத்து தள்ளுத மாதிரி திரும்ப வந்து அமருது. தோள வச்சு முட்டினேன். நான் அப்ப நல்ல தடியன், ஒரு பேட்டரிய ஒத்தக் கையில தூக்குவேன். அசையல. கண்ணாடிய எறக்கலாம்னு பாத்தா அந்தக் கைப்பிடியும் சுத்தல. சாருக்க பக்கமும் அதே கததான்.

அப்பதான் ஒண்ண கவனிச்சேன். மழைச் சத்தம் இல்ல. தகரத்துல பெய்யுத மாதிரி அதுவரைக்கும் கூரையில அடிச்சிட்டு இருந்த மழை, ஒண்ணுமே கேக்கல. இஞ்சின் சத்தமும் இல்ல. சின்னதுல குளத்துல முங்கி அடியில போயி இருப்போம் பாத்தியளா, அப்ப காது ரெண்டும் அடச்சு ஒரு உம்முனு வருமே, அதுதான். முன்னால பாக்கேன், வெளிச்சத்துல ஒரு துளி மழை விழல. அதுக்குப் பதிலா தூசி மாதிரி என்னமோ, பைய பைய, மேலயும் கீழயும் மிதந்துட்டு போவுது. செல்போன் டார்ச்ச அடிச்சேன், வெளிச்சம் கண்ணாடிய தாண்டி போகமாட்டேங்கு. காலு சில்லிட்டுப் போச்சு. முதல்ல பாதம், அப்புறம் கெண்டக்காலு, அப்புறம் முட்டு. குனிஞ்சு தொட்டுப் பாக்கேன், தண்ணி இல்ல, காலுக்குக் கீழ போட்ட மேட்டு காஞ்சு கெடக்கு, ஆனா குளிரு மட்டும் ஏறிட்டே வருது.

சார் ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு, வாய் மட்டும் அசையுது, பைபிள்ல உள்ள சங்கீதம் சொல்லிட்டு இருந்திருப்பாரு.

எனக்கு இடுப்புல குளிரு வந்ததும் மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. பின் கதவ பாக்கலாம்னு திரும்பினேன். திரும்பாம இருந்திருக்கலாம். பின் சீட்டுக்க பக்கத்துக் கண்ணாடியில ஆவி பிடிக்குது. நம்ம வாய வச்சு ஊதினா ஒரு வட்டம் விழுமே, அது போல ஒரு வட்டம் விழுது, மறையுது, அதுக்குக் கொஞ்சம் மேல இன்னொரு வட்டம் விழுது, மறையுது. சீட்டுல உக்காந்தா முகம் எங்க இருக்குமோ அங்க முதல்ல. அப்புறம் மேல. அப்புறம் அதுக்கும் மேல, கடைசில கூரையோட ஒட்டி, முகத்த அண்ணாந்து வச்சா மட்டும்தான் அங்க மூச்சு படும், அங்க. வட்டம் சின்னதாயிட்டே போச்சு. வேகமாயிட்டும் போச்சு.

எனக்கு தொழில் புத்திதான் முதல்ல வந்துச்சு, நம்பினா நம்புங்க. இந்த லைட்டு இப்படியே எரிஞ்சா பேட்டரி எறங்கிரும், அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னு தோணிச்சு. "சார், லைட்ட அணைங்க"ன்னு கத்தினேன். அவரு கை சுவிட்சுக்குப் போச்சு.

"லைட்ட அணைக்காண்டாம்."

சத்தமா இல்ல. பக்கத்துல இருந்து, மூச்ச மிச்சம் பிடிச்சு பேசுத மாதிரி, அவ்வளவு பைய. சாருக்க கை அப்படியே நின்னுட்டு. சரி, சார் வேண்டாம்னு சொல்லுதாருன்னு நானும் விட்டுட்டேன். லைட்டு செவப்பாச்சு, ஊதுபத்தி முனை மாதிரி ரெண்டு புள்ளி ஆச்சு, அதுவும் அணைஞ்சுது. அந்த இருட்டுல எவ்வளவு நேரம் இருந்தோம்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் கதவ முட்டிட்டே இருந்தேன். எனக்க பிள்ள முகம் வந்துச்சு, பெண்டாட்டி ஜெஸி முகம் வந்துச்சு, சாவப் போறோம்னு நல்லா தெரிஞ்சுது, எங்கன வச்சு எப்படி சாவுதோம்னுதான் தெரியல.

எதிர்ல பஸ்ஸு வந்தது. அவனுக்க லைட்டு எங்க முகத்துல அடிச்ச அந்த நொடி மழைச் சத்தம் தலையில இடிஞ்சு விழுந்த மாதிரி வந்துச்சு, நான் முட்டிட்டு இருந்த கதவு படார்னு தொறந்து நான் ரோட்டுல போயி விழுந்தேன். எழும்பிப் பாக்கேன், வண்டி ஓடிட்டு இருக்கு, வைப்பர் ஆடுது, ஹெட்லைட்டு பளிச்சுன்னு வெள்ளையா எரியுது. கண்டக்டர் தலைய நீட்டி, "ஏலே, நடு ரோட்டுல வண்டிய போட்டுட்டு லைட்டும் இல்லாம உள்ள என்னல செய்யிதிய? குடிச்சிருக்கியளா?"ன்னு ஏசினான். எனக்கு அந்த ஏச்சு கேக்க அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு அண்ணே.

கரை முடியுற எடத்துல ஒரு பெட்டிக்கடை உண்டு. அங்க நிறுத்தினோம். கடையில இருந்த அக்கா எங்கள பாத்ததும் எதுவும் கேக்காம சோடா ஒடச்சு குடுத்தா. அப்புறம் அவளா சொன்னா, பல வருஷத்துக்கு முன்ன இதே போல மழையில ஒரு கார் கரையில இருந்து தண்ணிக்குள்ள போயிட்டாம். ஓட்டினவன் எப்படியோ நீந்தி ஏறிட்டான், பின்னால ஒரு ஆளு இருந்துருக்கு. ஊரே கரையில கூடி நின்னாங்களாம், அந்த ஆழத்துல இருட்டுல எறங்க ஆருக்கும் தைரியம் இல்ல. "அடியில லைட்டு எரிஞ்சிட்டே கெடந்துச்சு தம்பி. மேல நின்னா தெரியும். அது எரியுத வரைக்கும் உள்ள உயிரு இருக்குன்னு நெனச்சோம். மங்கி, மங்கி, பொறவு அணைஞ்சு போச்சு"ன்னா. "அந்த வண்டி இரும்புக்குப் போட்டு எத்தனையோ காலமாச்சு"ன்னும் சொன்னா. சாருக்க வண்டி ஷோரூம் வண்டி. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

திரும்பி வேற வழியா வரும்ப, சார் கொஞ்சம் தெளிஞ்சிருந்தாரு. நான் கேட்டேன், "லைட்ட அணைக்காண்டாம்னு ஏன் சார் சொன்னிய?"

அவரு என்ன திரும்பிப் பாத்தாரு. "நான் எங்க மக்கா சொன்னேன்? நீயில்லா அணைன்னு சொல்லிட்டு, உடனே அணைக்காண்டாம்னும் சொன்ன. பயந்து போயி பேடியில ஒளறுதியான்னுல்லா நெனச்சேன்."

அதுக்கப்புறம் வீடு வாற வரைக்கும் ரெண்டு பேரும் பின்னால திரும்பிப் பாக்கல. எனக்க டூல்ஸ் பை பின் சீட்டுல கெடக்குன்னு தெரியும், இருக்கட்டும், விடிஞ்சு எடுப்போம்னு விட்டுட்டேன்.

வீட்டுல ஷூவ கழத்தினேன். ஜெஸி தல தொவட்ட தோத்து எடுத்துட்டு வந்தவ அப்படியே நின்னுட்டா. "இது என்ன காலு இப்படி இருக்கு?" மழையில நான் நனஞ்சது கொஞ்ச நேரம்தான். ஆனா ரெண்டு பாதமும் வெளுத்து, தோலு சுருங்கி, ராவும் பகலும் தண்ணிக்குள்ள கெடந்த காலு மாதிரி இருந்துச்சு. எனக்க பெண்டாட்டி இருக்கா, நீங்க வேணும்னா கேட்டுக்கிடுங்க. அவ ஒண்ணும் கதை சொல்லுத ஆளு இல்ல.

சார் அப்புறம் அந்தக் கரைப் பக்கமே போறதில்ல. லைட்டும் மங்கல. கொஞ்ச காலம் போயி, பெங்களூர்ல இருக்குத மவ வீட்டுக்கு சாரும் அவருக்க வீட்டம்மாவுமா போயி தங்க வேண்டியதாச்சு. வண்டி சும்மா கெடந்தா பேட்டரி செத்துரும், மாட்டினபடியே விட்டா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், அதனால நானே போயி பேட்டரிய கழத்தி இங்க கடைக்குக் கொண்டு வந்து அப்பப்ப சார்ஜ் போட்டு வச்சேன். வண்டி நின்ன ஷெட்டுக்கு ஷட்டர் எறக்கி பூட்டி, சாவிய நானே வச்சிருந்தேன். மாசக்கணக்கா ஆரும் தொறக்கல.

சார் வாறேன்னு போன் பண்ணின அன்னைக்கு பேட்டரிய எடுத்துட்டு போனேன். நல்ல பகல். ஷட்டர தூக்கினேன், வண்டி மேல தூசி ஒரு விரக்கடைக்கு. பேட்டரிய தரையில வச்சுட்டு, சார் வந்து பாத்தா சங்கடப்படுவாரேன்னு ஒரு துணிய எடுத்து முன்னால இருந்து தொடச்சேன். ஹெட்லைட்டு கண்ணாடியில கை பட்டுது.

சூடா இருந்துச்சு. பேட்டரி எனக்க கால் பக்கத்துல தரையில இருக்கு. காய்ச்சக்காரன் நெத்திய தொட்டா இருக்குமே, அந்தச் சூடு. அடுத்த லைட்ட தொட்டேன், அதுவும். நான் துணிய கையில பிடிச்சிட்டு அங்கனயே நிக்கேன், அந்தக் கண்ணாடி எனக்க கைக்குக் கீழ பைய ஆறுது. இப்பதான் ஆரோ அணைச்ச மாதிரி.