கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை

ஜெயக்கொடிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் பேரையூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேசிப் பழகிய தொண்டைக்காரர்கள். இவள் மட்டும் எப்படி இப்படி என்று பெற்றவளுக்கே விளங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, விளாங்குடியில் அறை எடுத்துத் தங்கி, 1983இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்ட முதல் ஆள் அவள்.

ஆராய்ச்சி மூன்று துறை சேர்ந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளும் அவர்கள் விவரம் எழுதிய கேஸ் ஷீட்டுகளும் டாக்டர் பாலசுந்தரத்துடையவை. கணக்குப் போடுவது புள்ளியியல் மாணவி பத்மாசினி. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஜெயக்கொடி. மூன்று துறை என்று பேர்தான், முடிவெடுக்கிற வாய் ஒன்றுதான். ஷீட்டுகளின்படி, வாய்ப்புற்று வந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புகையிலைப் பழக்கமே இல்லை, ஆகவே இது பரம்பரையில் வருவது என்று டாக்டர் முதலிலேயே தீர்மானித்துவிட்டார். அதை நிரூபித்துக் கொடுப்பதுதான் பிள்ளைகளின் வேலையாம்.

ஜெயக்கொடியால் இதை நம்ப முடியவில்லை. அவள் ஊரில் களையெடுக்கப் போகிற பெண்கள் வெற்றிலையோடு புகையிலையைக் காலையில் கன்னத்தில் ஒதுக்கினால் மத்தியானக் கஞ்சிக்குத்தான் துப்புவார்கள். அவர்களைப் போன்றவர்கள்தானே இந்த வார்டிலும் படுத்திருக்கிறார்கள்? ஒரு புதன்கிழமை, ஷீட் எழுதும் இடத்தில் போய் நின்று பார்த்தாள். எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"கெட்ட பழக்கம் எதுவும் உண்டா?"

எதிரே நின்ற பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் புருஷன், பின்னால் கூட்டம்.

"சேச்சே, அதெல்லாம் கெடையாதுய்யா."

'இல்லை' என்று எழுதினார். வெற்றிலை புகையிலை போடுவதை எந்தப் பெண் கெட்ட பழக்கம் என்று நினைத்தாள்? இந்த அழகில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஷீட்டுகள்!

"ஷீட்டே தப்புன்னா நான் போடுற கணக்கு எதுக்குடி?" என்றாள் பத்மாசினி. இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள்.

"பூச்சி புழு படிச்ச பொண்ணு எனக்குக் கேஸ் எழுதச் சொல்லித் தர்றியா? பரம்பரைன்னு எழுதியிருக்கிற ஆராய்ச்சித் திட்டத்துல திங்கக்கிழமை கையெழுத்துப் போடு. இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல" என்றார் அவர்.

போட்டால் பிஎச்.டி., போடாவிட்டால் பேரையூர் பஸ். இதற்குத்தானா இத்தனை வருஷம் படித்தது?

திங்கட்கிழமை வார்டில் தாளை நீட்டினார். "ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போடுறேன் சார்" என்றாள் ஜெயக்கொடி. டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் செல்லத்தாய், இடது கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவரே கேட்டார்.

"கெட்ட பழக்கம் உண்டாம்மா?"

"இல்லய்யா."

இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் செல்லத்தாய் பக்கம் குனிந்து கேட்டாள்.

"பெரியம்மா, பொகையிலைய எந்தப் பக்கம் ஒதுக்குவீக?"

"இந்தப் பக்கந்தான் தாயி" என்று வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள் செல்லத்தாய். "புண்ணு வந்ததுல இருந்து அந்தப் பக்கம்." வலது கன்னத்தில் அப்போதும் ஒரு துண்டு இருந்தது.

"இப்பத்தானே இல்லன்னு பொய் சொன்ன?" என்று சீறினார் டாக்டர்.

"அவுக பொய் சொல்லல சார்." ஜெயக்கொடியின் குரல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "நம்ம கேட்ட லட்சணம் அப்படி."

கையெழுத்தில்லாத தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த ஆராய்ச்சியில் அவளுக்கு அன்றோடு இடம் போயிற்று.

செல்லத்தாய் அவள் கையைப் பிடித்தாள். "இதுனாலயா வந்துச்சு தாயி?"

"ஆமா பெரியம்மா."

"பதினாலு மாசமா இங்க வாரேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே துப்பியிருப்பேனே."