மாமாவுக்குக் கண்டியில் போட்ட மதியச் சோறு

வத்தேகமக் கடைத்தெருவில் இரண்டு மாடிச் சாப்பாட்டுக் கடை கட்டியவன் நான். அதற்குப் பின்னால் கிணறு வெட்டியவனும் நானே. அங்கே தண்ணீர் வராது என்று அடித்துச் சொன்ன மேஸ்திரிக்கு, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மகளுக்கு வீடு, மகனுக்கு வேன், தோட்டத்துக் கோயிலுக்கு வாசல் வளைவு என்று எல்லாம் இந்தக் கையால் ஆனவை. படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் பாதிதான். கூடப் படித்து முடித்தவர்கள் இன்றைக்கு என் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். நல்ல சோறு எங்கே வேகிறது என்று கண்டுபிடிக்கும் மூக்கு எனக்குப் பிறவியிலேயே அமைந்தது. அதற்குச் சாட்சி என் ஒன்பதாவது வயதில் நடந்தது. மாமா இருக்கும்வரை அதைச் சொல்ல முடியவில்லை. போன ஆனியில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிச் சொல்லலாம்.

மாமா அம்மாவின் அண்ணன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை பன்வில தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து நான்கு நாள் தங்குவார். அப்பாவின் மரியாதையில் நாளொன்றுக்கு ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு போவார். அந்த வருடம் கிளம்புவதற்கு முதல் நாள் பெரிய கிள்ளாகவே கிள்ளினார்.

“என் தங்கச்சிய கட்டிக் குடுத்து பதிமூணு வருசமாச்சு மச்சான். ஒரு நாளாவது ஒரு கடையில ஒக்கார வச்சு, இன்னொருத்தவங்க பரிமாற, அவளுக்கு ஒரு வாய் சோறு வாங்கிக் குடுத்திருக்கீங்களா?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வாய்ச்சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. “நாளைக்கு நாம எல்லாரும் கண்டியில சாப்புட்டுட்டுத்தான் நீங்க ரயில் ஏறுறீங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அப்பாவின் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரே ஒரு நோட்டு இருந்தது. பஸ்ஸில் அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியதும் அவரே முதலில் ஒரு கடைக்குள் போனார். விலைப் பலகையைப் படித்தார். வெளியே வந்து மீன் பழசு என்றார். அடுத்த கடையில் கூட்டம் என்றார். மூன்றாவதில் கூட்டமே இல்லை. மேசை ஈரமாக இருக்கிறது என்றார்.

“விடுங்க மச்சான். ஒங்களுக்குப் புடிச்ச கடைய கண்டியில இனிமேத்தான் கட்டணும் போல” என்று மாமா சிரித்தார். அம்மாவும் கூடச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். ஒருவரிடமும் சொல்லாமல் மூக்கு இழுத்த பக்கம் ஓடினேன். வாவிக்கு மேலே ஏறுகிற ஒரு சந்தில், பெரிய வீடொன்றின் முற்றத்தில் பந்தல். நீள மேசைகள், வெள்ளை விரிப்பு, வரிசையாக மடக்குக் கதிரைகள். தாளித்த வாசம் சந்து முழுவதும் நின்றது. வாசலில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். இதைவிட நல்ல கடைக்காரனை நான் கண்டதில்லை. திரும்ப ஓடிப்போய் மூன்று பேரையும் கூட்டி வந்தேன்.

அப்பா வாசலில் தயங்கினார். “பலகை ஒண்ணும் காணோமே.”

மாமாவுக்கு அது போதும். “பலகை வைக்கிறவன் காசு பாக்குறவன் மச்சான். கொழும்புலயும் இப்பிடி வீட்டுலயே நடத்துவாங்க. கைப்பக்குவம் இங்கதான் இருக்கும். பேசாம வாங்க!”

உட்கார்ந்தோம். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சம்பாச் சோறு, முந்திரிப் பருப்பில் வைத்த கஜுக் கறி, பிஞ்சுப் பலாக்காய், கொறக்காப்புளி போட்டு வற்றவைத்த மீன், பப்படம் என்று தானாக வந்தது. தட்டுக் காலியாகும் முன் மறுபடியும் வந்தது. பரிமாறியவர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். சீருடை என்று நினைத்தேன். சாப்பிட்டவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். உயர்ந்த இடம் என்று நினைத்தேன். கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு பெரியவரின் படம் இருந்தது, அதன் முன்னே ஒரு விளக்கு எரிந்தது. முதலாளி என்று நினைத்தேன்.

ஒரு நடுத்தர வயதுப் பெண் கறிச் சட்டியுடன் வந்தபோது, அம்மா பழக்கத்தில் எழுந்து கரண்டியை வாங்கப் போனாள். அந்தப் பெண் அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். அதன் பிறகு அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, சோறு தட்டில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எருமைத் தயிரும் அதன்மேல் ஊற்ற இனிப்புக் கித்துள் பாணியும் வந்தபோது மாமா இடுப்பு வாரைத் தளர்த்தினார்.

“மச்சான், சொன்னா சொன்னதுதான்யா நீங்க!”

அப்பா நிமிர்ந்து நடந்து கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நின்ற கறிச் சட்டிப் பெண்ணிடம் நோட்டை எடுத்து நீட்டியவர் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது. காது சிவந்துவிட்டது.

கை கழுவிக்கொண்டிருந்த மாமா வெளியிலிருந்து சத்தம் போட்டார். “என்ன மச்சான், பத்தலியா? நான் போடவா?”

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். வெளியே மாமாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் முற்றம் வரை கேட்கும்படி, “காசு சரி ஐயா! சரி!” என்றாள். அப்பா அவளைக் கும்பிட்டார். சாப்பிட்ட கடையில் யாராவது கும்பிடுவார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. படி இறங்கும்போது அவள் வாழையிலையில் கட்டிய ஒரு பலகாரப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த மாமா, கீழே நின்ற என்னிடம் கையை நீட்டினார். “என்னடா மருமகனே, அது? பிரி பாப்போம்.”

பிரித்தேன். மேலே எண்ணெய்ப் பணியாரம், அதற்குக் கீழே நாலாக மடித்த நோட்டு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆள் சேர்த்துக் கொடுத்த கங்காணிக்குத் தலைக்குத் தலை காசு கொடுப்பார்கள், தலைக்காசு என்று லயத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று தலையைக் கூட்டி வந்தவன் நான். கடைக்காரம்மா எனக்குரியதைக் கொடுத்திருக்கிறாள்! மாமா கண்டால் பங்கு கேட்பார் என்று நோட்டைக் கால்சட்டைக்குள் தள்ளிவிட்டு, பணியாரத்தை மட்டும் நீட்டினேன். ரயில் போனது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் நோட்டைக் காட்டி நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் நோட்டின் மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

“மாமா பாத்தாரா?”

“இல்லப்பா.”

காசை ஒளித்தால் எங்கள் வீட்டில் முதுகு வீங்கும். அன்றைக்கு அப்பா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வத்தேகம தாண்டும்வரை அவர் வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

சமையல் பழகி, இருபத்திரண்டு வயதில் கண்டியில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனேன். மூன்று மாதத்துக்கு முன் இறந்தவருக்கான தானம். பிக்குமார் சாப்பிட்டுப் போன பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் பந்தலில் சோறு. சுவரில் மாலை போட்ட படம், கீழே விளக்கு, வெள்ளை உடுத்திய வீட்டார். ஒன்பது வயதில் நாங்கள் சாப்பிட்டது கடையில் இல்லை, இப்படி ஒரு தானத்தில் என்று அகப்பையும் கையுமாக அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

மாமா கடைசிவரை போன கல்யாண வீட்டிலெல்லாம், எங்கள் மச்சான் கண்டியில் போட்ட சோற்றுக்கு ஈடில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவை அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கிள்ளவில்லை. அப்பாவின் பெயர் நின்றது, நிற்கட்டும். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் பாதிப் புண்ணியம் போகட்டும். ஆனால் அந்த வாசலைக் கண்டவன் யார்? நோட்டை மறைத்தவன் யார்? பேராசையில்தானே மறைத்தாய் என்பீர்கள். எதில் மறைத்தால் என்ன, மாமா கண்ணில் படாமல் மறைந்ததா இல்லையா? எங்கள் குடும்பத்தில் இனி யார் அந்தச் சோற்றைப் பற்றிப் பேசினாலும், கூட்டிக்கொண்டு போனவன் அவர் மகன் நான்தான் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.